டிபென்டர்கள் திரும்பிப் பார்க்காத கோல்கீப்பர்

ஒரு கோல்கீப்பரை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள அவரைப் பார்க்க வேண்டியதில்லை. அவருக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் நான்கு டிபென்டர்களைப் பார்த்தால் போதும். எதிரணி பந்தை கோலுக்கு முன்னால் உள்ள பாக்ஸுக்குள் தூக்கிப் போடும்போது, ‘வருகிறாரா, அங்கேயே நிற்கிறாரா’ என்று அவர்கள் கழுத்தைத் திருப்பித் தேடினால், கீப்பர் மேல் நம்பிக்கை வரவில்லை என்று அர்த்தம். தாங்கள் காக்க வேண்டிய எதிரணி ஆளை மட்டும் ஒட்டி நின்றால், பின்னால் இருப்பவரை நம்பிவிட்டார்கள். பல வருடம் தொழில்முறை கால்பந்தில் கோல் காத்தவன் நான். இப்போது இளம் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். புதிதாக ஒரு அணியைப் பார்க்கப் போனால் இன்றும் என் கண் முதலில் போவது அந்தக் கழுத்துகளின் மேல்தான்.

எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் வீடியோக்களில் வருபவர் வேறு கீப்பர். மூலைக்குப் பறப்பவர், விரல்நுனியால் தட்டிவிடுபவர். எனக்கும் அவற்றைப் பார்க்கப் பிடிக்கும். ஆனால் அந்தப் பாய்ச்சலுக்கு முந்தைய ஓரிரு விநாடிகளில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. 1970 உலகக் கோப்பையில் பெலே தலையால் முட்டிய பந்தை இங்கிலாந்தின் கார்டன் பேங்க்ஸ் தடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை மேலே தூக்கிவிட்ட அந்தக் கையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். பிரேசிலின் ஜெயர்சின்யோ கிராஸ் போடும்போது, அதாவது ஓரத்திலிருந்து பந்தை கோலுக்கு முன்னால் தூக்கிப் போடும்போது, பேங்க்ஸ் அவர் பக்கத்துக் கம்பத்தை ஒட்டி நின்றார். பந்து தூரத்துக் கம்பத்துக்குப் போவது தெரிந்ததும் கோலின் குறுக்கே கால்களை நகர்த்தினார். அந்தக் கால் வேலை இல்லாவிட்டால் கை அங்கே போய்ச் சேர்ந்திருக்காது.

கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். கிட்டத்தட்ட 18 சதுர மீட்டர் பரப்பு. கைகளை எவ்வளவு விரித்தாலும் ஒரு மனிதர் அதில் சிறு பங்கைத்தான் மறைக்க முடியும். மீதியை மறைப்பது நிற்கும் இடம். பந்திலிருந்து கோலின் நடுப்பகுதிக்கு ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டின் மேல் நிற்க வேண்டும். பந்து நகர்ந்தால் கோடும் நகரும், கீப்பரும் நகர வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். தொண்ணூறு நிமிடமும் தவறாமல் செய்வது அவ்வளவு எளிதில்லை.

இதைப் புரியவைக்க நான் ஒரு நீளக் கயிற்றைப் பயன்படுத்துகிறேன். இரு முனைகளையும் இரு கம்பங்களின் அடியில் கட்டி, நடுப்பகுதியை இழுத்துக்கொண்டு போய் பந்து இருக்கும் இடத்தில் ஒரு ஆணியில் மாட்டுவேன். தரையில் ஒரு முக்கோணம் கிடைக்கும். கீப்பரை அதற்குள் நிற்கச் சொல்லி, இரு பக்கக் கயிறும் அவரிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் ஒரு பக்கம் ஓரடியாவது கூடுதலாக இருக்கும். பிறகு இரண்டடி முன்னால் வரச் சொல்வேன். கயிறுகள் நெருங்கிவிடும், கை எட்டாத இடம் குறைந்துவிடும். அதற்குப் பிறகு அவரைப் பந்துக்குப் பின்னால் போய்க் குனிந்து, இன்னொரு கீப்பர் நிற்பதைப் பார்க்கச் சொல்வேன். கோல் அடிக்க வரும் ஸ்ட்ரைக்கரின் கண்ணுக்குக் கோல் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று அப்போதுதான் உறைக்கும். பத்து நாள் வாயால் சொல்லிப் புரியாதது அந்த ஒரு பார்வையில் புரிந்துவிடும். பயிற்சியாளர் இல்லாதவர்களும் இரண்டு பேராகச் சேர்ந்து இதைச் செய்யலாம்.

இடம் பாதி என்றால், மீதிப் பாதி ‘செட்’ ஆவது. அடிப்பவரின் கால் பந்தைத் தொடும் கணத்தில் கீப்பரின் இரண்டு பாதங்களும் தரையில் இருக்க வேண்டும்; எடை பாதத்தின் முன்பகுதியில்; முழங்கால் லேசாக மடிந்து; கைகள் இடுப்பு உயரத்தில் உடலுக்குச் சற்று முன்னால். அந்தக் கணத்தில் ஒரு கால் காற்றில் இருந்தால், அது தரைக்கு வந்த பிறகுதான் எந்தப் பக்கமும் தாவ முடியும். அதற்குள் பந்து உள்ளே போயிருக்கும். அதனால் நான் இளையவர்களிடம் அழுத்தமாகச் சொல்வது: சரியான இடத்துக்கு இன்னும் ஓரடி பாக்கி இருந்தாலும், அடிப்பவர் தலையைக் குனிந்து காலை வீசும்போது நின்றுவிடுங்கள். கொஞ்சம் தள்ளி நின்றாலும் செட்டாக நிற்பவர், சரியான இடத்தை நோக்கி ஓடிக்கொண்டே இருப்பவரைவிட அதிகப் பந்துகளைத் தடுப்பார். என் அனுபவத்தில் இளம் கீப்பர்கள் வாங்கும் தூரத்துக் கோல்களில் பல, பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கும்போது விழுந்தவை.

பந்து கைக்கு வந்துவிட்டது, சரி. பிடிப்பதா, தள்ளிவிடுவதா? கட்டைவிரல்கள் நெருங்கி, விரல்கள் விரிந்து, பந்துக்குப் பின்னால் டபிள்யூ எழுத்து மாதிரி கைகள் அமைய நேரம் இருந்தால் பிடிக்கலாம். உடலிலிருந்து விலகி, வேகமாக வரும் பந்தைப் பிடிக்கப் போனால் அது நழுவி ஸ்ட்ரைக்கரின் காலடியில் விழும். அப்போது பக்கவாட்டில், கார்னர் கொடியின் திசையில் தள்ளிவிட வேண்டும். பயிற்சியில் நான் தடுத்த பந்தை மட்டும் கணக்கில் வைப்பதில்லை. தடுத்த பிறகு பந்து எங்கே போனது என்பதையும் பார்ப்பேன். கோலுக்கு நேர் எதிரே ஆறேழு மீட்டரில் விழுந்தால், அதை கோல் விழுந்ததாகவே எழுதிக்கொள்ளச் சொல்வேன். கடுமையாகத் தெரியலாம். ஒரு மாதத்தில் கைகளின் கோணமே மாறிவிடுகிறது.

இப்படித் தடுத்த பிறகு திரும்பி விழும் பந்து, அதாவது ரீபவுண்ட், எவ்வளவு பெரியவர்களையும் விடாது. 2002 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் ஆலிவர் கான், இறுதிப் போட்டி வரையிலான ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு கோல்தான் வாங்கியிருந்தார். இறுதிப் போட்டியில் பிரேசிலின் ரிவால்டோ அடித்த பந்து அவர் மார்பிலிருந்து நழுவியது. ரொனால்டோ ஓடி வந்து உள்ளே தள்ளினார். பிரேசில் 2–0 என்று ஜெயித்தது. அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருது அப்படியும் கானுக்குத்தான் போனது. அது சரியான தேர்வு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஜெர்மனியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுவந்ததே அவர் கைகள்தான். ஒரு நழுவலை வைத்து ஒரு கீப்பரை அளப்பவர்களுக்கு இந்தப் பொறுப்பு என்னவென்று தெரியாது.

தவறுக்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் பழகித்தான் கற்க வேண்டும். என்னோடு ஒரே அணியில் ஒரு மூத்த கீப்பர் இருந்தார். கோல் விழுந்ததும் பந்தை வலையிலிருந்து எடுத்து அமைதியாக நடுவட்டத்துக்கு அனுப்புவார். வலது கம்பத்துக்குப் போய் இரண்டு பூட்ஸையும் தலா ஒரு முறை தட்டுவார். பிறகு நடுவில் நிற்கும் டிபென்டரான சென்டர் பேக்கின் பெயரைச் சொல்லி, மிகச் சாதாரணமான ஒரு விஷயம் சொல்வார்: ‘ரெண்டடி இடது பக்கம் வா’ என்கிற மாதிரி. தன் தவறால் விழுந்த கோல், யாராலும் தடுக்க முடியாத கோல் இரண்டுக்கும் இதே வரிசைதான். அவர் குரலைக் கேட்டு ஸ்கோர் என்னவென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. டிபென்டர்களுக்குத் தேவைப்படுவது அந்தக் குரல்தான். கூடுதலாக நான் கற்றுக்கொடுக்கும் ஒன்று: கோல் விழுந்த சில நிமிடங்களுக்குள் சக வீரரிடம் ஒரு எளிய பேக் பாஸைக் கேட்டு வாங்குங்கள். பந்தை ஒருமுறை சுத்தமாகத் தொட்டுவிட்டால் உடம்பு தன் வேலைக்குத் திரும்பிவிடும். மன்னிப்பு, விளக்கம், வீடியோ எல்லாம் மறுநாள்.

குரல் என்றதும் சத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தொண்டை வறள ஆட்டம் முழுக்கக் கத்தும் கீப்பரை டிபென்டர்கள் இருபதாவது நிமிடத்தில் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். பெயர் முதலில், கட்டளை அப்புறம். அதுவும் ஒன்றிரண்டு சொற்களில். ‘பின்னால் ஆள்’, ‘நேரம் இருக்கு’, ‘ஏறு’, ‘ஓரத்துக்குத் தள்ளு’. கிராஸ் வரும்போது இரண்டே சொற்கள் போதும். ‘கீப்பர்’ என்றால் நான் வருகிறேன், எல்லாரும் விலகுங்கள். ‘அடி’ என்றால் நான் வரவில்லை, நீயே தூக்கி அடித்துவிடு. இந்த இரண்டும் அணியில் எல்லாருக்கும் ஒரே பொருளில் இருக்க வேண்டும். சீசன் தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ‘கீப்பர்’ என்று கத்திவிட்டால் போயே ஆக வேண்டும். கத்திவிட்டுப் பாதியில் நிற்பதைப் போல டிபென்டரின் நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை.

கிராஸ் பந்துதான் ஒரு கீப்பரின் உண்மையான தேர்வு என்று நினைக்கிறேன். ஷாட்டில் முடிவெடுக்க நேரம் கிடையாது, உடம்பு தானாகப் போகும். கிராஸில் முடிவெடுக்க நேரம் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான். பந்து ஓரத்தில் இருக்கும்போது உடம்பு மைதானத்தை நோக்கித் திறந்திருக்க வேண்டும். பந்தை மட்டுமே பார்த்தபடி பக்கவாட்டில் திரும்பி நின்றால், தூரத்துக் கம்பத்தில் யார் ஓடி வருகிறார் என்பது தெரியாது. பந்து காலை விட்டுக் கிளம்பிய உடனே பாயக் கூடாது. அதன் உயரத்தையும் வளைவையும் கண் படித்து முடிக்கும்வரை ஒரு கணம் பொறுக்க வேண்டும். கிளம்பினால் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும். ஒரு காலில் எம்பி, மற்ற முழங்காலை மடக்கி உயர்த்தி, கைகள் நீளும் உச்சியில் பிடிக்க வேண்டும். உயர்த்திய முழங்கால் உயரம் கொடுக்கும், மோதலிலிருந்து உடம்பையும் காக்கும். கூட்டம் நெருக்கமாக இருந்தால் பிடிக்கும் ஆசையை விட்டுவிட்டு இரண்டு முஷ்டியாலும் குத்திவிடுங்கள். உயரமாக, தூரமாக, ஓரத்தை நோக்கி.

கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1992ல் விதி மாறும்வரை சக வீரர் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தையும் கீப்பர் கையால் எடுக்கலாம். அந்த வசதி போனது. 2019ல் இருந்து கோல் கிக்கில், அதாவது கோலுக்கு அருகிலிருந்து உதைத்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும்போது, பந்து பாக்ஸுக்கு வெளியே போக வேண்டிய அவசியமில்லை என்றானதும், ஆட்டம் கீப்பரின் காலிலிருந்தே ஆரம்பிக்கத் தொடங்கியது. 2025ல் இன்னொரு மாற்றம்: பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர். கடைசி ஐந்து விநாடிகளை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். எட்டு விநாடி போதுமான நேரம்தான். பிடித்த உடனே தலை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு மிச்சமே இருக்கும். ஆனால் இன்று பல இடங்களில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நீண்ட பாஸ் சொல்லிக்கொடுக்கிறார்கள், உருண்டு வரும் பந்தை, உடம்பை அதற்குப் பின்னால் வைத்து எடுக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்த வரிசை தவறு. கை முதலில், கால் அடுத்து.

பெனால்டியைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். 11 மீட்டர் தூரம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் பந்து 0.4 விநாடியில் கோட்டைத் தாண்டிவிடும். பார்த்த பிறகு பாய்ந்து மூலையைத் தொட முடியாது. எதிரணி வீரர்கள் முன்பு எந்தப் பக்கம் அடித்தார்கள் என்பதைப் படிப்பது உதவும். 2006 உலகக் கோப்பை காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஜெர்மனியின் யென்ஸ் லேமன் காலுறைக்குள் ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் முன் எடுத்துப் பார்த்தார், இரண்டைத் தடுத்தார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2007ல் வெளியிட்ட ஒரு ஆய்வில் 286 பெனால்டிகளைப் பார்த்தார்கள். கீப்பர்கள் 100க்கு 94 முறை ஏதோ ஒரு பக்கம் பாய்ந்திருந்தார்கள். நடுவில் நின்றிருந்தால் தடுக்கும் வாய்ப்பு கூடியிருக்கும். சும்மா நின்று கோல் வாங்கினால் முயற்சியே செய்யவில்லை என்று தோன்றிவிடுமோ என்ற எண்ணம்தான் காரணம் என்கிறார்கள். எனக்கு அது நூற்றுக்கு நூறு உண்மை என்று படுகிறது. அந்த எண்ணம் பெனால்டியில் மட்டுமல்ல, ஆட்டம் முழுக்க கீப்பர்களைத் தேவையில்லாமல் பாய வைக்கிறது.

இனி தொழில் வாழ்க்கை. மற்ற வீரர்களுக்குப் பத்து இடங்கள், எங்களுக்கு ஒன்று. ஸ்ட்ரைக்கர் சரியாக ஆடாவிட்டால் அறுபதாவது நிமிடத்தில் மாற்றுவார்கள். காத்திருந்தவருக்கு அரை மணி நேரம் கிடைக்கும். கீப்பரை அப்படி மாற்றுவது அபூர்வம். அதனால் நல்ல கீப்பர்கள்கூட முழு சீசனையும் பெஞ்சில் கழிக்கிறார்கள். நானும் நீண்ட காலம் இரண்டாம் கீப்பராக இருந்திருக்கிறேன். அந்த நாட்களில் ஆட்ட நாளுக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு, பயிற்சி நாளையே ஆட்ட நாளாக வைத்துக்கொண்டேன். பயிற்சி முடிந்ததும் கூடுதலாக ஷாட் அடித்துப் பழக விரும்பும் ஸ்ட்ரைக்கர்களுக்குக் கோல் காக்க நானே போய் நிற்பேன். அவர்கள் எப்படி உடம்பைத் திருப்புகிறார்கள் என்று படிக்க இலவசமாகக் கிடைத்த வகுப்பு அது. முதல் கீப்பரோடு மனஸ்தாபம் வளர்த்துக்கொள்ளாதீர்கள். ஆட்டத்துக்கு முந்தைய வார்ம் அப்பில் அவருக்குப் பந்து அடித்துக் கொடுப்பது நீங்கள்தான். அதைச் சரியாகச் செய்வதும் இந்த வேலையின் ஒரு பகுதி.

அழைப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 1990 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் முதல் கீப்பர் பும்பிதோ இரண்டாவது ஆட்டத்திலேயே கால் முறிந்து வெளியே போனார். உள்ளே வந்த செர்ஜியோ கொய்கோச்சேயா, யூகோஸ்லாவியா, இத்தாலி என்று இரண்டு பெனால்டி ஷூட் அவுட்டுகளில் பந்துகளைத் தடுத்து அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். கூப்பிட்ட பிறகு யாரும் தயாராக முடியாது.

எனக்குப் பிடித்த கதை நெதர்லாந்து கீப்பர் எட்வின் வான் டெர் சாருடையது. அவர் ஆடிய இத்தாலிய கிளப் யுவென்டஸ் 2001ல் இன்னொரு கீப்பரான புஃபோனை வாங்கியதும் அவருக்கு அங்கே இடமில்லாமல் போனது. பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்காராமல், ஃபுல்ஹாம் என்ற சிறிய இங்கிலாந்து கிளப்புக்குப் போய் வாராவாரம் ஆடினார். 2005ல், 34 வயதில், மான்செஸ்டர் யுனைடெட் அவரை எடுத்தது. 2008–09 சீசனில் லீக் ஆட்டங்களில் தொடர்ச்சியாக 1,311 நிமிடம் கோலே வாங்கவில்லை. அந்த ஆட்டங்களை உட்கார்ந்து பாருங்கள். பறந்து தடுத்தவை குறைவு. எளிதாகத் தெரிவதையெல்லாம் எளிதாகவே செய்துகொண்டிருப்பார். முன்னால் டிபென்டர்கள் ஃபெர்டினாண்டும் விடிச்சும் நிம்மதியாக ஆடுவார்கள்.

நம்பகத்துக்கு இன்னொரு சாதாரணமான பக்கம் உண்டு: ஆட்ட நாளன்று ஆடத் தயாராக இருப்பது. அமெரிக்காவின் பிராட் ஃப்ரீடல் 2004க்கும் 2012க்கும் இடையில் மூன்று கிளப்களுக்காக இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் தொடர்ந்து 310 ஆட்டங்கள் ஆடினார். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஒரு நாளில் எத்தனையோ முறை தரையில் விழும் வேலை இது. அதற்கு விழத் தெரிய வேண்டும். முழங்கையிலோ வயிற்றிலோ விழக்கூடாது. காலின் பக்கம், இடுப்பின் பக்கம், தோளின் பின்பக்கம் என்று வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். சிறுவர்களுக்கு முதலில் முட்டி போட்டபடி விழப் பழக்கி, பிறகு உட்கார்ந்தெழும் நிலையிலிருந்து, கடைசியாக நின்றபடி. விரல் வீங்கினால் மறைக்காதீர்கள். பக்கத்து விரலோடு டேப் சுற்றிக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். முறிவு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு சுற்றிக்கொள்ளுங்கள்.

தலையில் அடிபட்டால் பேச்சே இல்லை, வெளியே வந்துவிட வேண்டும். 2006 அக்டோபரில் செல்சியின் பீட்டர் செக் மண்டை ஓட்டில் முறிவோடு மைதானத்தை விட்டுப் போனார். மூன்று மாதம் கழித்துத் தலைக்கவசத்தோடு திரும்பினார். ஓய்வுபெறும்வரை அதைக் கழற்றவே இல்லை. தைரியசாலிதான். ஆனால் எலும்பு கூடும்வரை பொறுத்தவர் என்பதையும் இளையவர்களுக்குச் சேர்த்தே சொல்கிறேன்.

கிளவுஸைப் பற்றி ஒரு வரி: உள்ளங்கையின் லேடெக்ஸ் காய்ந்திருந்தால் பந்து ஒட்டாது. ஆட்டத்துக்கு முன் லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் சாதாரணத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.

இருபது வயதில் முதல் கீப்பராகவில்லையே என்று கலங்குபவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். இத்தாலியின் டினோ சோஃப் 1982ல் உலகக் கோப்பையைக் கையில் வாங்கியபோது அவருக்கு வயது 40. எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹடரி 2018 உலகக் கோப்பையில் ஆடியபோது 45. அன்று ஒரு பெனால்டியையும் தடுத்தார். இந்த இடத்துக்குத் தேவையான கணிப்பு ஆட்டங்களில்தான் சேரும். வயது அதற்கு எதிரியில்லை, ஆடாமல் இருப்பதுதான் எதிரி.

அதனால் 19லிருந்து 23 வயதுக்குள் இருப்பவர்களுக்கு என் யோசனை: பெரிய கிளப்பில் மூன்றாம் கீப்பராக இருப்பதைவிட, கீழ்ப் பிரிவில் வாராவாரம் ஆடும் இடத்துக்குப் போங்கள். சம்பளம் குறையலாம். ஆனால் மழையில், சேற்றில், உங்கள் மேல் வந்து விழும் முப்பது வயது ஸ்ட்ரைக்கர்களுக்கு நடுவில் ஒரு சீசன் கிராஸ் பிடித்துவிட்டால், அந்த அனுபவத்தை எந்தப் பயிற்சி மைதானமும் தராது. கையெழுத்துப் போடும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். கீப்பர்களுக்கென்று தனிப் பயிற்சியாளர் இருக்கிறாரா? எத்தனை கீப்பர்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள், முதல் கீப்பருக்கு இன்னும் எத்தனை வருடம் பாக்கி? கோப்பைப் போட்டிகளில் இரண்டாம் கீப்பரை ஆட வைப்பது அவர்கள் வழக்கமா? ஆட்டம் கிடைக்காவிட்டால் ஜனவரியில் கடனாக வேறு அணிக்கு அனுப்புவார்களா? முடிந்தால் அவர்களுடைய ஒரு ஆட்டத்தை கோலுக்குப் பின்னால் இருந்து பாருங்கள். எந்த டிபென்டர்களுக்குப் பின்னால் நிற்கப் போகிறீர்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்காது.